குப்பையில் மட்டும் தெரிந்த மணிவிழா

கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றுமே தெரியாதவனால் யாருக்கும் தொந்தரவு கிடையாது. கோளாறு வந்தால் யாரையாவது கூப்பிடுவான். எல்லாம் தெரிந்தவனாலும் தொந்தரவு இல்லை, அவனைத்தான் கூப்பிடுவார்கள். நடுவில் முக்கால்வாசி தெரிந்தவன் என்று ஒரு ரகம் உண்டு. இவன் யாரையும் கூப்பிட மாட்டான். யாரும் கூப்பிடாமலே தானாக வந்து நிற்பான். நான் அந்த ரகத்தில் முதல் வரிசை.

ஆபீஸில் பிரிண்டர் மக்கர் செய்தால் என்னைத்தான் தேடுவார்கள். அதன் வலது விலாவில் ஒரு தட்டு தட்டுவேன், வேலை செய்யும். ஏன் என்று அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த ஒரு தட்டை மூலதனமாக வைத்துக்கொண்டு டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் தொழில்நுட்ப மேதையாகப் பல வருடம் காலம் தள்ளினேன். என் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் மூச்சு வாங்க ஆரம்பித்ததும், கூட வேலை பார்க்கும் பெங்காலி நண்பன் ஒருவன் அதைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். அதன்பின் என் நடையே மாறிவிட்டது. (லினக்ஸ் வைத்திருப்பவன் அதைச் சொல்லாமல் ஐந்து நிமிடம் இருக்க முடியாது. பாருங்கள், இரண்டாவது பத்தியிலேயே சொல்லிவிட்டேன்.)

இப்படி இருக்கையில்தான் என் மச்சானுக்கு அறுபது வயது நிறைந்தது.

மச்சான் என்றால் என் மனைவி வசந்தியின் அண்ணன். மாயவரத்துக்காரர். பொதுத்துறை நிறுவனத்தில் பெரிய பதவியில் இருந்தவர். டெல்லியிலேயே துவாரகாவில் சொந்த ஃப்ளாட். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. டெல்லிக்கு வந்த புதிதில் குளிரில் உறைந்த முகம், வெயில் வந்த பிறகும் இளகவில்லை என்று நான் வசந்தியிடம் சொல்வேன். அவள் அதற்கும் சிரிக்க மாட்டாள். குடும்ப வியாதி.

மணிவிழாவை அவர்கள் அடுக்குமாடிச் சொசைட்டியின் ஹாலிலேயே வைத்துக்கொள்வதாக முடிவானது. மச்சானின் வாழ்க்கையைப் பழைய புகைப்படங்கள் வழியாகக் காட்டும் வீடியோ ஒன்று வேண்டும் என்றாள் அவர் மகள் நித்யா. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். "ஸ்டுடியோல குடுத்துடலாம்ப்பா, ஜல்தி முடிச்சுக் குடுத்துடுவாங்க" என்றாள்.

முக்கால்வாசி ஆசாமி சும்மா இருப்பானா?

"ஸ்டுடியோக்காரனுக்கு நம்ம குடும்பத்தைப் பத்தி என்ன தெரியும்? நான் இருக்கேம்லா, பாத்துக்கிடுதேன்" என்றேன். (என் பூர்வீகம் திருநெல்வேலி. தன்னம்பிக்கை கூடும்போதெல்லாம் தாமிரபரணி தானாகப் பொங்கிவிடும்.)

மச்சான் என் பக்கமே திரும்பவில்லை. தங்கையைப் பார்த்தார்.

"ஏம்மா, செய்வாரா?"

"செய்வாருண்ணே."

திரும்பி வரும்போது மெட்ரோவில் வசந்தி மெதுவாகச் சொன்னாள்: "எங்க அண்ணன்கிட்ட உங்களுக்காக ஜாமீன் நின்னுருக்கேன். இது நல்லபடியா முடியலைன்னா அந்த வீட்டு வாசப்படியை நான் எப்படி மிதிப்பேன்னு யோசிச்சுக்குங்க."

"பாத்துக்கிடலாம்" என்றேன்.

வேலை ஆரம்பித்தது. மாயவரத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வாட்ஸ்அப்பில் படங்கள் கொட்டின. என் கொள்கை ஒன்றே ஒன்றுதான்: மச்சானின் கௌரவம். கோட்டுப் போட்ட மச்சான், கோப்பையைக் கையில் வாங்கும் மச்சான், கோயில் கோபுரத்தை முறைக்கும் மச்சான், இவை மட்டும் உள்ளே. மற்றதெல்லாம் குப்பைத் தொட்டிக்கு.

இங்கே என் கெட்ட பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு படத்தைத் தூக்கிப் போடும் முன் அதற்கு ஒரு பெயர் வைத்துத்தான் அனுப்புவேன். விடைபெறும் விருந்தாளியிடம் வாசலில் நின்று ஒரு வார்த்தை பேசுவதில்லையா, அது போல. மச்சான் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு வேர்க்கடலை உரிக்கும் படமா? 'குல்லாவுக்குள் யார்?' என்று பெயர் வைத்துத் தூக்கிப் போடு. அடுத்தவன் குப்பையை யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள்? இந்தத் தலைநகரில் முழுமையான பேச்சுச் சுதந்திரம் நிலவிய ஒரே இடம் என் லேப்டாப்பின் குப்பைத் தொட்டி.

முடிந்த வீடியோவை ஒரு ஃபோல்டரில் வைத்து, 'மணிவிழா' என்று பெயர் அடித்தேன். பின்னால் நின்ற வசந்தி, "சுழி எங்கே?" என்றாள்.

எங்கள் வீட்டில் பால்காரருக்கு எழுதும் துண்டுச் சீட்டுக்குக்கூடப் பிள்ளையார் சுழி உண்டு. 'உ' என்று அடித்துக் காட்டினேன். "இது வெறும் எழுத்து. சுழியவே இல்லையே" என்றாள். விசைப்பலகையைத் துழாவினேன். இடது மேல் மூலையில், முச்சந்திப் பிள்ளையார் மாதிரி, ஓர் அலைக்கோடு உட்கார்ந்திருந்தது: ~. சுழி சற்றே சாய்ந்து ஓய்வெடுப்பது போன்ற தோற்றம். முதல் மூலை வேறு. இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? பெயருக்கு முன்னால் போட்டேன். '~ மணிவிழா'. வசந்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்த ஃபோல்டரை 'விசேஷம்' என்ற பெரிய ஃபோல்டருக்குள் பத்திரமாக வைத்தேன்.

விழா நாள். ஹோமம் முடிந்து, கலசநீர் ஊற்றி, மச்சான் மறுபடியும் தாலி கட்டி, அவரும் அவர் மனைவியும் மாலையோடு மேடை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சானின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முன்வரிசை நடுவில் சின்ன மாமா. வசந்தியின் தாய்மாமா, இதற்காகவே மாயவரத்திலிருந்து ரயிலேறி வந்தவர். பின்னால் ஹால் நிறையச் சொந்தபந்தம். அதற்கும் பின்னால் சாம்பார் வாசனை. வீடியோ முடிந்ததும் சாப்பாடு.

பந்தல் சாமான் வாடகைக்கு விடும் டென்ட் ஹவுஸ் பையா ப்ரொஜெக்டரை என் லேப்டாப்போடு இணைத்தார். திரையில் படம் தெரிந்ததும், "டீக் ஹை, சார்?" என்று கேட்டுவிட்டு, ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். இனி என் லேப்டாப்பில் ஈ நடந்தாலும் சுவர் அளவுக்குத் தெரியும்.

'விசேஷம்' திறந்தேன். திரையில் தன்னந்தனியாக '~ மணிவிழா'.

"தம்பி" என்றார் அக்கா மேடையிலிருந்து. "சுழி ஒரு பக்கம் மட்டும் நிக்குறது மொட்டையா இல்ல? குத்துவிளக்கு மாதிரி ரெண்டு பக்கமும் போட்டுடுங்களேன். நல்ல காரியம் பாருங்க."

"அதுக்கென்னக்கா, இப்பவே" என்றேன். ஒரு சுழி என்னை இதுவரை கொண்டுவந்தது என்றால் இரண்டு சுழி எங்கே கொண்டுபோகும்! பெயரின் கடைசியில் இன்னோர் அலைக்கோடு போட்டேன். '~ மணிவிழா ~'. கல்யாணப் பத்திரிகை மாதிரி அம்சமாக இருந்தது. என்டர் தட்டினேன்.

மறைந்துவிட்டது.

ஃபோல்டரைக் காணோம். 'இங்கே எதுவும் இல்லை' என்று சாம்பல் நிறத்தில் ஓர் அறிவிப்பு மட்டும் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. வெளியே சென்று மறுபடி உள்ளே வந்தேன். இல்லை. லேப்டாப்பின் வலது விலாவில் ஒரு தட்டு தட்டினேன். இல்லை.

"என்ன மாப்ள?" மச்சானின் குரல்.

"ஒண்ணுமில்ல மச்சான். லோடு ஆகுது." (முக்கால்வாசிக்காரர்களின் தேசிய கீதம் இது.)

வசந்தி நகர்ந்து நகர்ந்து என் அருகே வந்தாள். உதடு அசையாமல் கேட்டாள்.

"இன்னொரு காப்பி எடுத்து வச்சிருக்கீங்கள்ல?"

"எதுக்கு? நம்பிக்கை இல்லாதவங்கதான் காப்பி எடுப்பாங்க."

"பென்டிரைவ்ல போட்டீங்களே?"

"அதை அழிச்சிட்டு உங்க அண்ணனுக்குப் பிடிச்ச நாதஸ்வரம் ஏத்திட்டேன்."

அவள் தன் அண்ணனைப் பார்த்தாள். பிறகு ஹால் வாசற்படியைப் பார்த்தாள். எனக்கு மெட்ரோவில் பேசியது நினைவுக்கு வந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்த ஹாலில் என் வேட்டி வரை வேர்த்துவிட்டது.

பயந்தவனின் மூளை நேராக ஓடாது, ஆனால் வேகமாக ஓடும். கை தவறி அழித்திருப்பேன். அழித்தது எங்கே போகும்? குப்பைத் தொட்டிக்கு. அவ்வளவுதானே! வெற்றிக் களையோடு குப்பைத் தொட்டியைத் திறந்தேன்.

சுவரில்.

மணிவிழா அங்கே இல்லை. மற்றதெல்லாம் இருந்தது. கொட்டை எழுத்தில், சின்னச் சின்னப் படங்களோடு, வரிசை வரிசையாக.

ஒரு விநாடி எனக்கு ஓர் ஆறுதல். ஹாலில் பாதிப்பேர் டெல்லியில் பிறந்த பிள்ளைகள், தமிழ் படிக்க வராது. மீதிப்பேர் கண்ணாடியைத் தேடுகிற வயதினர். ஆனால் நித்யாவை மறந்துவிட்டேன். கல்லூரி முடித்த பிறகு ஆசைப்பட்டுத் தமிழ் எழுத்து கற்றுக்கொண்டவள். எங்கே தமிழைப் பார்த்தாலும் உரக்க எழுத்துக்கூட்டிப் படித்தே தீருவாள். கடைப் பலகையைக்கூட விடமாட்டாள்.

"கு...ல்...லா...வு...க்கு...ள் யா...ர்? அப்பா, இது நீங்க!"

ஹால் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"ம...ச்சா...ன் தூ...ங்கு...ம்...போ...து எ...வ்வ...ள...வு ந...ல்ல...வ...ர்!"

நான் மௌஸைத் தேடினேன். அது ஜமக்காளத்தின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"ம...ச்சா...ன் ப...ங்க்...ரா, இ...த...ய ப...ல...வீ...ன...ம் உ...ள்ள...வ...ர்...க...ள் பா...ர்க்...க வே...ண்டா...ம்!"

"பையா! பையா!" என்று கத்தினேன். பையா கேட்டுக்கு வெளியே டீயில் ரஸ்க் நனைத்துக்கொண்டிருந்தார்.

"அ...க்கா மு...றை...ப்பு. அ...க்கா மு...றை...ப்பு. அ...க்கா மு...றை...ப்பு. சித்தப்பா, இது ஏன் மூணு இருக்கு?" (அத்தை புருஷனான என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். எவ்வளவு சொல்லியும் திருந்தவில்லை.)

நல்ல கேள்வி. வேறெங்கும் ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு பேர் குடியிருக்க விடமாட்டார்கள். குப்பையில் அந்தக் கெடுபிடி கிடையாது. எத்தனை அக்கா முறைப்பு வந்தாலும் தோளோடு தோள் நிற்கலாம். இதை விளக்க அது சரியான சமயமாகப் படவில்லை. ஏனென்றால் மேடையில் நான்காவது முறைப்பு நேரடி ஒளிபரப்பாக நடந்துகொண்டிருந்தது.

"சி...ன்ன மா...மா வா...ழ்த்து...ரை... தூ...க்...க மா...த்தி...ரை!"

"மாத்திரையா? யாருக்கு, எனக்கா?" என்றார் சின்ன மாமா அக்கறையோடு. "நான் சாப்பிட்டுத்தானே வந்தேன்?"

கடைசியில் ஒன்று மிச்சம். 'இதில் வசந்தி சிரிக்கிறாள், யாரும் நம்ப மாட்டார்கள்.' நித்யா அதையும் விடவில்லை.

ஒருவழியாக ஜன்னலை மூடினேன். மறுபடியும் 'விசேஷம்'. மறுபடியும் 'இங்கே எதுவும் இல்லை'. மச்சான் மாலையைச் சரிசெய்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவர் கத்தியிருந்தால் நிம்மதியாகச் செத்திருப்பேன்.

இந்த இடத்தில் என் முக்கால்வாசி அறிவு உச்சத்தைத் தொட்டது. டிவியோ மோட்டாரோ, எது மக்கர் செய்தாலும் ஒரு தடவை அணைத்துப் போட்டால் சரியாகும். ஃபோல்டரை அணைக்க முடியாது. ஆனால் குப்பையில் போட்டுத் திரும்ப எடுக்கலாமே! இரண்டும் ஒன்றுதானே! காலியாகக் கிடந்த 'விசேஷம்' ஃபோல்டரை அப்படியே தூக்கிக் குப்பையில் போட்டேன். வசந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

குப்பைத் தொட்டிக்குள் போய், எடுப்பதற்கு முன் ஒரு தடவை அதைத் திறந்து பார்த்தேன்.

உள்ளே '~ மணிவிழா ~', சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தது.

"இருக்கு! இருக்கு!" ஹாலே கத்தியது.

மார்பு விரிய, 'விசேஷ'த்தைக் குப்பையிலிருந்து மீட்டு, பழைய இடத்தில் வைத்துத் திறந்தேன். காலி.

மறுபடி குப்பையில் போட்டுத் திறந்தேன். இருக்கிறது.

மீட்டேன். காலி.

"இது என்னடா அதிசயம்!" சின்ன மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "குப்பைக்குப் போனா இருக்கு, வீட்டுக்கு வந்தா காணோம். இன்னொரு தடவை போடுங்க மாப்ள!"

போட்டேன். இருந்தது. கைதட்டல். மீட்டேன். இல்லை. "ஓஓ" என்று ஒரு பெருமூச்சு. சிறுசுகள் எண்ணவே ஆரம்பித்துவிட்டார்கள். சமையல்காரர்கள் கரண்டியோடு வாசலில் வந்து நின்றார்கள். குப்பைக்குள் வைத்தே வீடியோவைத் தட்டிப் பார்த்தேன். குப்பையில் உள்ளதை ஓட்ட முடியாது, முதலில் வெளியே எடு என்றது கம்ப்யூட்டர். வெளியே எடுத்தால்தான் காணாமல் போகிறதே!

(ஏன் இப்படி என்பதைத் திங்கட்கிழமை பெங்காலி நண்பன் சொன்னான். பெயர் அலைக்கோட்டில் முடிந்தால், அது ஏதோ பழைய மிச்சப் பிரதி, மனிதர் கண்ணில் பட வேண்டியதில்லை என்று எடுத்துக்கொண்டு, கோப்புகளைக் காட்டும் அந்தப் புரோகிராம் மறைத்துவிடுமாம். பெயரின் முன்னால் இருந்தால் பரவாயில்லை, முடிவில் இருக்கக் கூடாது. ஆனால் குப்பைத் தொட்டியில் மட்டும் எதையும் மறைக்காதாம். "எதை ஒரேயடியாக எரிக்கப்போகிறோம் என்று மனிதனுக்குத் தெரிய வேண்டாமா, தாதா?" என்றான், பெங்காலியில் என்னை அண்ணனாக்கி. மறைத்ததைப் பார்க்க இரண்டே இரண்டு விசை போதுமாம். அந்த இரண்டு விசை, எனக்குத் தெரியாத கால்வாசியில் இருந்தது.)

ஐந்தாவதோ ஆறாவதோ தடவை போட்டபோது, மேடையிலிருந்து மச்சான் எழுந்து வந்தார். மாலையோடு, ஈர வேட்டியோடு. ஹால் அடங்கியது. வசந்தி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாப்ள."

"மச்சான்..."

"எதுக்கு வீட்டோட தூக்கிக்கிட்டு அலையுறீங்க? அது குப்பையில இருக்கும்போதே உள்ள போயி, படத்தை மட்டும் தனியா வெளியில இழுத்துப் போடுங்களேன்."

போட்டேன். குப்பைக்குள் இருந்த 'விசேஷ'த்துக்குள் இருந்த 'மணிவிழா'வுக்குள் இருந்த வீடியோவைப் பிடித்து வெளியே இழுத்தேன். வந்தது. நின்றது. மறையவில்லை. வசந்தி விட்ட மூச்சு என் காதில் சுட்டது.

வீடியோ ஓடியது. நாதஸ்வரம். கோட்டுப் போட்ட மச்சான். கோப்பை வாங்கும் மச்சான். இன்னொரு கோட்டுப் போட்ட மச்சான். நான் இரவு பகல் பாராமல் செதுக்கிய கௌரவம். திரும்பிப் பார்த்தேன். ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் பந்திக்கு இடம் பிடிக்க நழுவினார்கள். சின்ன மாமாவுக்கு மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. கோபுரத்தை முறைக்கும் படம் வந்தபோது மச்சான் கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க மாப்ள."

நிறுத்தினேன். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"இந்த ஆளை ஆபீஸ்ல அத்தனை வருஷம் பாத்துப் பாத்து எனக்கே அலுத்துப்போச்சு. அந்தக் குப்பையைப் போடுங்க."

"மச்சான், அது சும்மா..."

"போடுங்கன்னேன்ல. பேரோட."

போட்டேன். படங்களைக் குப்பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, ஒரே பெயர்க்காரர்களுக்கு மட்டும் தனித்தனி ஃபோல்டர் கொடுத்து, பெயரோடு காட்டினேன். நித்யா எழுத்துக்கூட்ட, தமிழ் தெரியாத பிள்ளைகளுக்குப் பக்கத்திலிருந்தவர்கள் ஹிந்தியில் சொல்ல, ஹால் கூரை அதிர்ந்தது. குல்லாவுக்குள் இருந்த மச்சானுக்கு விசில். பஞ்சாபிக் கல்யாணத்தில் பங்க்ரா ஆடிய மச்சானை இரண்டு தடவை கேட்டு வாங்கினார்கள். மூன்று அக்கா முறைப்பும் வரிசையாக வந்தபோது, மச்சான் மனைவியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார். பிறகு சிரித்தார். மாலை குலுங்க, கண்ணில் நீர் வர. அந்த முகத்துக்குள் அவ்வளவு பல் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். வசந்தியும் சிரித்தாள். (யாரும் நம்ப மாட்டார்கள்.)

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பந்தியில் எனக்குப் பாயசம் வரவில்லை. கேட்டபோது, "குப்பையில இருக்கும் தம்பி, திறந்து பாருங்க" என்றார்.

வருடங்கள் ஓடிவிட்டன. அந்தக் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் வீடியோ என் பொறுப்புதான். ஆனால் நான் தேர்ந்தெடுத்த படங்களை யாரும் கேட்பதில்லை. "கழிச்சது எங்கே?" என்பார்கள். குரூப் போட்டோ எடுக்கும்போது அக்கா தானாகவே ஒரு முறைப்பைக் கொடுத்துவிட்டு, "பேர் வச்சுக்குங்க" என்பார். எங்கள் வீட்டில் மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று நான் தேடினால், அடுப்படியிலிருந்து வசந்தியின் குரல் வரும்: "தேடாதீங்க. பீரோவைத் தூக்கிக் குப்பையில போடுங்க, தன்னால தெரியும்."

ஆபீஸ் வேலை, டெல்லி டிராஃபிக் என்று இரண்டு மூன்று ஞாயிறு துவாரகா பக்கம் போகாமல் இருந்துவிட்டால் போதும், போன் அடிக்கும். ஹலோ கூட இருக்காது.

"என்ன மாப்ள, ஆளையே காணோம்? உங்களையும் தூக்கிக் குப்பையில போட்டாத்தான் கண்ணுக்குத் தெரிவீங்களோ?"

நான் சட்டையை மாட்டிக்கொண்டு மெட்ரோவுக்குக் கிளம்பிவிடுவேன்.